தொட்டுப் பார்க்கலாம் என்றார்கள், போனோம்: நல்லூர்ப் பக்கத்து ஓவியக் கண்காட்சி

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீட்டில் இப்போது ஊர்க் கலைஞர்களின் ஓவியக் கண்காட்சி ஒன்று நடக்கிறது. போஸ்டரில் "விழிப்புலனற்றோரும் வரலாம், தொட்டுப் பார்க்கலாம்" என்று போட்டிருந்தபடியால்தான் போனேன். எனக்குக் குளுக்கோமா, நடுவில் ஒரு வட்டம் தெரியும், சுற்றிவர ஒன்றும் தெரியாது. கூட வந்த அண்ணை பிறவியிலேயே பார்வை இல்லாதவர், சங்கீத ஆசிரியர், வாயும் கொஞ்சம் கூட. எங்கள் இரண்டு பேருக்கும் தேவைப்படுவது வேறு வேறு. கண்காட்சி வைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுவார்கள், இங்கேயும் அதுதான் கொஞ்சம் நடந்தது, ஆனால் நல்லதும் நடந்தது.

முதலில் நல்லது. உள்ளே ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் அதே ஓவியத்தைக் காட்போட் மட்டையில் சணல் கயிறு, துணி, மணல் எல்லாம் ஒட்டித் தொடக்கூடியமாதிரிச் செய்து வைத்திருக்கிறார்கள். மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம் 2015 இல் ஆறு ஓவியங்களைப் புடைப்பாக அச்சடித்துத் தொடக் கொடுத்தது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு எங்களிடம் காசு இல்லை, சரி, சணலும் பசையும் கடையில் இருக்கிறதுதானே. அண்ணை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு "கயிறு விளங்குது, படம் விளங்கேல்லை" என்றார். கையால் பார்க்கிறவனுக்குத் துண்டு துண்டாகத்தான் வரும், முழு உருவத்தை மனதில்தான் கட்டவேண்டும், அதற்கு யாராவது வாயால் வழி சொல்லவேண்டும்.

அந்த நேரம் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை வந்து நின்றாள். அவள் சொன்ன விதத்தை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விமர்சனத்தில் நான் சொல்லவந்ததே அதுதான். "சேர், படம் ஒரு கதவு உயரம், அதில் பாதி அகலம். கன்வஸில் அக்றிலிக். முழுக்க ஒரு மங்கல் நீலம், விடியப்போற நேரம்மாதிரி. கீழ் இடது மூலையில் ஒரு சைக்கிள், கிடுகு வேலியில் சாத்தியிருக்கு. முன் சில்லு இல்லை. வேலிக்கு மேலால் ஒரு பனை வட்டு மட்டும் தெரியுது. ஆட்கள் ஒருத்தரும் இல்லை." சொல்லிக்கொண்டே அண்ணையின் விரலைக் கேட்டுப் பிடித்துச் சணலில் அந்தந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். அவ்வளவுதான்.

அண்ணை விடவில்லை. "முன் சில்லு கழட்டினதோ, உடைஞ்சதோ?" அவள் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, ஃபோர்க் நெளியவில்லை, கழற்றினமாதிரித்தான் இருக்கு என்றாள். "அப்ப ஆரோ ஒட்டுப் போடக் கொண்டு போயிருக்கினம், வந்திடுவினம்" என்றார் அண்ணை. எனக்கு அப்படிப் படவில்லை, யாரோ களவெடுத்துப் போனமாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைக்கு வேறொரு எண்ணம். அந்த ஒரு படத்துக்கு முன்னால் நின்று மூன்று பேரும் வாக்குவாதப்பட்டோம், பின்னால் வந்த இரண்டு மாமிமாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் கண் நன்றாகத் தெரிந்த காலத்திலும் ஒரு படத்துக்கு முன்னால் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

அடுத்த அறையில் ஒரு தம்பி. நல்ல மனம், அதில் குறை இல்லை. ஆனால் முதல் படத்துக்கு "இது எங்கட மக்களின் வலி", இரண்டாவதுக்கு "இழப்பு", மூன்றாவதுக்குத் திரும்பவும் வலி. அண்ணை கேட்டார், "தம்பி, அந்த வலி எந்தப் பக்கம் நிற்குது, என்ன நிறம்?" தம்பி சிரித்தான், பிறகும் சொல்லத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் வலியும் இழப்பும் படத்தில் இருக்கும்தான், அது எங்களுக்குத் தெரியாததா? எங்களுக்குத் தெரியவேண்டியது அந்தச் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பது. அளவு, எதால் வரைந்தது, முதல் பார்வைக்கு என்ன, பிறகு இடமிருந்து வலமாக என்னென்ன. நிறத்தையும் சொல்லவேண்டும், பிறவியில் பார்வை இல்லாதவருக்கு நிறம் எதற்கு என்று நீங்களே முடிவெடுக்கக்கூடாது. கருத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

தொடுகிற மேசைக்கு வருவோம். சுளகு, கடகம், நீத்துப்பெட்டி, ஒரு பனையோலை விசிறி. எங்களுடைய ஆட்களில் எத்தனையோ பேர் பாய் பின்னியும் கதிரைக்குப் பிரம்பு பின்னியும் சீவிக்கிறார்கள், அவர்களுக்குச் சுளகைத் தொடத் தந்து என்ன பயன்? எதிர்ப்பக்கம் இருந்த களிமண் சிற்பங்களோ கண்ணாடிப் பெட்டிக்குள். செய்தவரிடம் கேட்டிருந்தால் ஒன்றையாவது வெளியில் வைக்க விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பிரெய்ல் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன, ஆனால் பழுதாகாமல் இருக்கட்டும் என்று சூட்டில் லமினேற் பண்ணிவிட்டார்கள். பிரெய்ல் புள்ளியின் உயரமே அரை மில்லிமீற்றர் அளவுதான், சூட்டு உருளைக்குள் போனால் என்ன மிஞ்சும்? ஒன்று தலைகீழாகவும் ஒட்டியிருந்தது. பார்வை உள்ளவர்களுக்கான பலகையோ சாம்பல் நிறத்தில் பன்னிரண்டு பொயின்ற் அளவு எழுத்து, என் கண்ணுக்கு அதுவும் இல்லாத கணக்குத்தான். பெரிய எழுத்து என்றால் குறைந்தது 18 பொயின்ற், வெள்ளையில் கறுப்பு, கண் மட்டத்தில். படங்களுக்கு முன் போட்ட கண்ணாடியில் லைற் அடித்துத் தெறிப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, எல்லாரும்தான் முறைப்பட்டார்கள். இன்னொன்று, வெயிலில் இருந்து உள்ளே வந்தால் எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது, வாசலில் ஒரு கதிரை போட்டால் போதும், இருந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு எழும்பலாம்.

கியூ ஆர் கோட் வைத்திருக்கிறார்கள், சுவரில் அது எங்கே இருக்கிறது என்று அண்ணைக்கு எப்படித் தெரியும்? சுற்றிவர ஒரு நூல் ஒட்டியிருந்தால் கை கண்டுபிடிக்கும். உண்மையில் அதுகூட வேண்டாம். விபரணங்களை எழுத்தாக வாட்ஸப்பில் அனுப்பினால் போனில் இருக்கிற டோக்பாக் என்ற திரைவாசிப்பான் தமிழில் வாசித்துவிடும், குரல் பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது. செலவே இல்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டமும் 2006 இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களுக்கு எங்களைப் போன்றவர்கள் போய்வரக்கூடியதாக இருக்கவேண்டும் என்கின்றன. 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை கலை நிகழ்வுகளையும் சேர்த்துச் சொல்கிறது. சட்டம் படியில் சாய்தளம் போட வைக்கும், படத்தை எப்படி விபரிப்பது என்று சொல்லித்தராது. அதற்கு திறப்பதற்கு முதல் நாள் பார்வையற்றோர் இல்லமான சுன்னாகம் வாழ்வகத்தில் இருந்தோ கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவர்களில் இருந்தோ இரண்டு பேரைக் கூப்பிட்டு, வண்டிக் காசும் கொடுத்து, ஒருக்கால் சுற்றிக்காட்டியிருந்தால் தலைகீழ்ப் பிரெய்ல் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

ஐந்துக்கு மூன்று போடுகிறேன். சணல் படத்துக்கு ஒன்று, அந்தப் பிள்ளைக்கு இரண்டு. அனுமதி இலவசம். போவதென்றால் பின்னேரம் போங்கள், அவள் அப்போதுதான் நிற்பாள், காலையில் போனால் வலி சொல்கிற தம்பிதான். வாசல்படி இரண்டு, இரண்டாவது கொஞ்சம் உயரம், மஞ்சள் கோடு ஒன்றும் இல்லை, பிரம்பைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டிக்கொண்டு ஏறுங்கள்.