மறுக்கப்பட்ட மாணவர் விசாவும் கும்பகோணத்து ஆலோசனை நிலையமும்

பிரிட்டன் மாணவர் விசா மறுக்கப்பட்ட என் மகளுக்காக, கும்பகோணத்தில் மாடிப்படிக்குக் கீழே இயங்கும் ஒரு சிறிய ஆலோசனை நிலையத்தை நாடினோம். முதல் விண்ணப்பத்தை நிரப்பிய வேறொரு முகவர், படிப்புக்கும் அங்கு தங்குவதற்கும் காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. குறுவை நெல் விற்ற பணம் வந்த அதே வாரத்தில் சம்பா நடவுக்கு அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டோம்.

இங்கிருந்த அம்மையார் வேறெதையும் கேட்காமல் மறுப்புக் கடிதத்தை வரிவரியாகப் படித்தார். பழைய சேர்க்கை உறுதிச் சான்று மீண்டும் செல்லாது, பல்கலைக்கழகத்திடம் புதிதாகப் பெற வேண்டும் என்றும், வங்கி அறிக்கையின் கடைசி நாள் விண்ணப்பத்துக்கு முந்தைய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும் என்றும், கணக்கு என் பெயரில் இருப்பதால் மகளின் பிறப்புச் சான்றிதழும் என் சம்மதக் கடிதமும் தேவை என்றும் விளக்கினார். முந்தைய மறுப்பை மறைக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தோடு அங்குள்ள மருத்துவ வசதிக்காகக் கட்டிய கட்டணம் திரும்பி வரும், விசாக் கட்டணம் வராது என்பதையும் அவரே சொன்னார். அது எங்களுக்குக் கசந்தது.

குறை என்றால் காத்திருப்புதான்: ஆவணங்களைச் சரிபார்க்க மூன்று முறை பேருந்தேற வேண்டியிருந்தது, உட்கார இரண்டே நாற்காலிகள். கட்டணத்துக்கு ரசீது கொடுத்தார்கள். இரண்டாம் விண்ணப்பத்தில் விசா கிடைத்தது.