டொராடோராவா, காகுயா-சாமாவா?

இரண்டுமே பள்ளிக்கூடக் காதல் நகைச்சுவை அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) தான். முதலில் எதைத் தொடங்குவது என்று குழம்புபவர்களுக்காக:

நீளம்: டொராடோரா (2008) 25 எபிசோடு. காகுயா (2019) முதல் சீசன் 12.

தொடக்கம்: காகுயாவில் ஒவ்வொரு எபிசோடிலும் சில குட்டிக் கதைகள், உடனே சிரிப்பு வரும். டொராடோராவில் நாயகி டைகாவின் கத்தலும் அடியும் ஆரம்பத்தில் எரிச்சலூட்டலாம்.

மனசில் நிற்பது: காதல் கடிதத்தைத் தவறிப்போய் நாயகன் ர்யூஜியின் பையில் போட்டுவிட்டு, ராத்திரியில் மரவாளோடு அவன் வீட்டுக்குள் பாய்கிறாள் டைகா. உறைக்குள் கடிதமே இல்லை! பசியில் சுருண்டவளுக்கு அவன் ஃப்ரைட் ரைஸ் செய்து தருகிறான். அவள் அதை அள்ளி அள்ளிச் சாப்பிட்டபோதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. காகுயாவில் நாயகனின் சாப்பாட்டு டப்பாவில் இருக்கும் ஆக்டோபஸ் வடிவ சாசேஜ்: நாயகி காகுயாவுக்கு அதன் மேல் ஆசை இருந்தும் கேட்க கௌரவம் விடாது.

வேலை முடிந்து கொஞ்சம் சிரிக்க காகுயா. நிதானமாக உட்கார்ந்து பார்க்க நேரமிருந்தால் டொராடோரா. மூன்று எபிசோடாவது பொறுங்கள்.