கார்ட் குறியீடு கற்பிக்கும் ஒரு ஜாஸ் இணைய வகுப்பு: இரண்டாம் பாடத்துக்காகச் சேரலாம்

கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) குறியீடுகளைப் பார்த்தவுடன் அந்தக் கணமே சொந்தக் கற்பனையில் வாசிக்கலாம் என்று இந்த வகுப்பின் விளம்பரம் அடித்துச் சொல்கிறது. அதை நம்ப வேண்டாம். ஆனாலும் இரண்டாம் பாடத்துக்காகவே கொடுத்த காசு தகும்.

அதில் ஆசிரியர் எடுத்துக்கொள்வது மூன்றே கார்ட்கள்: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. ஒவ்வொன்றிலும் மூன்றாவது, ஏழாவது சுரங்களை மட்டும் பிடிக்கச் சொல்கிறார். முதல் கார்டில் எஃப், சி. ஜி 7க்குப் போகும்போது எஃப் அப்படியே நிற்க, சி அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது. அடுத்து பி நிற்க, எஃப் இறங்கி ஈ ஆகிறது. பியானோவில் இடது கையில் அடிச்சுரம் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்), வலது கையில் இந்த இரண்டு, அவ்வளவுதான். ஐந்தாவது சுரம் இல்லாததைக் காது கண்டுகொள்வதே இல்லை. பிறகு ஜி 7 இருந்த இடத்தில் டி ஃப்ளாட் 7 வைக்கிறார். அதிலும் அதே எஃப், பி இருப்பதால் வலது கை அசைய வேண்டியதில்லை. அடிச்சுரம் மட்டும் டி, டி ஃப்ளாட், சி என்று வழுக்கி இறங்குகிறது. ட்ரைடோன் மாற்றை, அதாவது ஒரு கார்டுக்குப் பதிலாக மூன்று முழுச்சுரம் தள்ளியிருக்கும் கார்டை வைக்கும் இந்த உத்தியை, இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குறியீட்டுப் பாடம் பரவாயில்லை. முக்கோணம் மேஜர் 7, வெறும் வட்டம் டிமினிஷ்டு (சுரங்கள் நெருங்கிச் சுருங்கிய கார்ட்), குறுக்குக் கோடு போட்ட வட்டம் அரை டிமினிஷ்டு. ஆனால் தரவிறக்கும் தாளில் அந்தக் கோடு மயிரிழை; கைபேசியில் பார்த்தால் மறைந்தே போகிறது. ஏழாவது சுரத்தையே மாற்றிவிடும் கோட்டை இப்படியா அச்சிடுவது!

நான்காம் பாடத்திலிருந்து சறுக்கல். கார்டுக்கு ஒரு ஸ்கேல் (சுரவரிசை) என்று அட்டவணை மேல் அட்டவணை. 1959இல் பதிவான ஜாஸ் உருப்படிகளான 'சோ வாட்', 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்' இரண்டிலும் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வாசித்திருக்கிறார். முன்னதில் டி டோரியன் என்ற ஒரே ஸ்கேல் (டியில் தொடங்கும் வெள்ளைக் கட்டைகள்) பதினாறு பார் (தாளக் கட்டம்) நீள்கிறது. ஸ்கேலை வைத்து நிதானமாக உலாவலாம். பின்னதில் பல இடங்களில் இரண்டு தட்டுக்கு ஒரு கார்ட், அதுவும் பறக்கும் வேகத்தில். அங்கே ஸ்கேலை யோசிக்க ஏது நேரம்? ஆசிரியரோ இரண்டுக்கும் ஒரே அட்டவணையை நீட்டுகிறார். தான் கற்பித்த மூன்றாவது, ஏழாவது சுரங்களை இங்கே ஏன் கைவிட்டார் என்பது புரியவில்லை.

சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் பொத்தான் நன்றாக வேலை செய்கிறது. பன்னிரண்டு மேஜர் ஸ்கேல்களும் விரலில் படியாதவர்கள் இப்போதைக்குச் சேர வேண்டாம். முதல் பயிற்சியே எல்லாச் சுருதிகளிலும்தான்.