எரிக்கும் தணிக்கை, திருத்தும் தணிக்கை: பிராட்பரியும் ஆர்வெல்லும்

‘1984’, ‘ஃபாரன்ஹீட் 451’ இரண்டையும் அரசாங்கம் மக்களின் வாயை அடைக்கும் கதை என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அடுத்தடுத்து மறுபடி படித்தபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது. தணிக்கை எங்கே தொடங்குகிறது, போகும்போது எதை மிச்சம் வைக்கிறது என்ற இரண்டு கேள்விகளிலும் இந்த நாவல்கள் முட்டிக்கொள்கின்றன.

முதலில் தீயை எடுத்துக்கொள்வோம். ரே பிராட்பரியின் நாவலில் (1953) தீயணைப்பு வீரர்களின் வேலையே வீடு புகுந்து புத்தகங்களைக் கொளுத்துவதுதான். அலாரம் எப்போதும் இரவில் அடிக்கும். தெருவே வெளியே ஓடி வந்து பார்க்கும். ஒரு கிழவி வீட்டை விட்டு வெளியேற மறுக்கிறாள். புத்தகங்கள் மேல் மண்ணெண்ணெய் ஊற்றியாகிவிட்டது. கேப்டன் பீட்டி எண்ணத் தொடங்குகிறார். அவள் மெல்ல விரல்களை விரிக்கிறாள். உள்ளங்கையில் ஒரே ஒரு தீக்குச்சி, அடுப்பு பற்றவைக்கிற சாதாரணக் குச்சி. அதை அவளே வாசல் கைப்பிடியில் உரசிவிடுகிறாள். அங்கே போன வீரர்களில் ஒருவனான கதாநாயகன் மாண்டேக்குக்கு மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. ஒரு பொம்பளை எரியும் வீட்டுக்குள் நிற்கிறாள் என்றால் அந்தப் புத்தகங்களில் ஏதோ இருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லித் தவிக்கிறான்.

ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலிலும் (1949) தீ உண்டு. அது பலருக்கு நினைவிருக்காது. வின்ஸ்டன் ஸ்மித் வேலை பார்க்கும் உண்மை அமைச்சகத்தில், அவன் கைக்கெட்டும் தூரத்துச் சுவரில் கம்பிவலை போட்ட ஒரு நீளத் துவாரம். தாளைப் போட்டால் வெதுவெதுப்பான காற்று இழுத்துக்கொண்டு போய், கட்டடத்துக்குள் எங்கோ இருக்கும் உலையில் சேர்த்துவிடும். ‘நினைவுத் துளை’ என்று அதற்குப் பெயர். கூட்டம் கிடையாது, சைரன் கிடையாது. கீழே கிடக்கும் காகிதத் துண்டைக் குப்பைக்கூடையில் போடுவது போல யோசிக்காமல் போடுகிறார்கள்.

போடுவதற்கு முன் நடக்கும் வேலைதான் குலைநடுங்க வைப்பது. சாக்லேட் பங்கீட்டை இந்த ஆண்டு குறைக்க மாட்டோம் என்று பிப்ரவரியில் அரசு வாக்குக் கொடுத்திருக்கிறது. இப்போது 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப் போகிறார்கள். வின்ஸ்டன் பழைய பத்திரிகைக்குப் போய், அந்த வாக்குறுதி இருந்த இடத்தில் ‘ஏப்ரல் வாக்கில் குறைக்க நேரலாம்’ என்ற எச்சரிக்கையை வைக்கிறான். பத்திரிகை மறுபடி அச்சாகிறது, பழைய பிரதிகள் அழிகின்றன. அப்புறம் எங்கும் மாட்டியிருக்கும் அரசின் தொலைத்திரை, பங்கீட்டை 20 கிராமாக ‘உயர்த்தியதற்கு’ மக்கள் நன்றி சொல்லி ஊர்வலம் போனதாக அறிவிக்கிறது. நேற்றுதான் குறைத்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள்.

ஆர்வெல் இதைக் கற்பனையில் மட்டும் பார்த்தவர் அல்ல. 1941 முதல் 1943 வரை பிபிசியின் கிழக்குச் சேவையில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர். போர்க்கால வானொலி என்பதால் ஒவ்வொரு பிரதியும் தணிக்கையைத் தாண்டித்தான் ஒலிபரப்பாகும். அவர் மனைவி ஐலீனும் போரின் தொடக்கத்தில் அரசின் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தார். அலுவலகச் சலிப்போடு நடக்கும் தணிக்கை எப்படியிருக்கும் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

சரி, தணிக்கை எங்கே தொடங்குகிறது? ஆர்வெல்லில் மேலேயிருந்து, நாட்டை ஆளும் கட்சியிடமிருந்து. பிராட்பரியில் பீட்டி மாண்டேக்கின் படுக்கையருகே உட்கார்ந்து நீளமாக ஒரு வரலாறு சொல்கிறார்: இது அரசாங்கம் இறக்கிய உத்தரவு இல்லை, மக்களே படிப்பதை விட்டார்கள், புத்தகங்களைச் சுருக்கினார்கள், மனம் புண்பட்ட ஒவ்வொரு கூட்டமும் ஒரு பக்கத்தைக் கிழிக்கச் சொன்னது, தீயணைப்பு வீரன் கடைசியில்தான் வந்தான். பீட்டி தன் வேலையை நியாயப்படுத்தத்தான் இதைச் சொல்கிறார். ஆனால் கதை அவர் பக்கம் சாட்சி சொல்கிறது. கிழவி வீட்டைப் பற்றிய புகார்ச் சீட்டில் இருந்தவை அண்டைவீட்டுக்காரியின் முதலெழுத்துகள். மாண்டேக்கின் வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்களில் அவன் மனைவி மில்ட்ரெட்டும் ஒருத்தி. மூன்று சுவர்களில் திரை வைத்த பிறகு நாலாவதற்கும் ஆசைப்பட்டவள்.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவல் (1932) இங்கே மூன்றாவதாக நிற்கும். அதில் உலகை ஆளும் அதிகாரிகளில் ஒருவரான முஸ்தஃபா மாண்ட் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதன் அருமையை ரசித்து, ‘வெளியிடக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். அருமை தெரிந்த தணிக்கையாளர். ஒரு பக்கக் காட்சிதான், அதற்காகவே படிக்கலாம். ஆனால் அங்கே மக்களுக்குப் படிக்கும் பசியே இல்லாதபடி வளர்த்துவிடுவதால், தணிக்கை என்ற விஷயத்தில் அந்த நாவல் அதிக தூரம் போவதில்லை.

எனக்கு, தொடக்கத்தைச் சரியாகச் சொன்னவர் பிராட்பரி. மிச்சத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னவர் ஆர்வெல், பயமும் அவரிடம்தான் அதிகம். பிராட்பரியின் உலகில் எரிந்தது எரிந்ததாகவாவது தெரியும். ஊருக்கு வெளியே ரயில் தண்டவாளத்தோரம் புத்தகங்களை மனப்பாடம் செய்து சுமக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள், மாண்டேக்கிடமும் பைபிளின் ஒரு பகுதி இருக்கிறது. ஆர்வெல்லில், வின்ஸ்டனைச் சித்திரவதை செய்யும் கட்சி அதிகாரி ஓப்ரையன், கட்சியின் பொய்க்குச் சாட்சியான ஒரு புகைப்படத்தை அவன் கண்ணெதிரே காட்டிவிட்டுத் துளையில் போடுகிறான். சாம்பல் என்கிறான். உடனே, அடையாளம் தெரிகிற சாம்பல்கூட இல்லை, தூசி என்று திருத்துகிறான். அப்படியொரு படம் இருந்ததே தனக்கு நினைவில்லை என்கிறான்.

இந்த இரண்டு புத்தகங்களுக்கும் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 1967இல் பள்ளி மாணவர்களுக்கென்று ‘ஃபாரன்ஹீட் 451’இன் ஒரு பதிப்பை அதன் பதிப்பாளரே கொண்டுவந்தார். கெட்ட வார்த்தை, கருக்கலைப்பு என்று 75 இடங்களில் கைவைத்திருந்தார்கள். அரசு கேட்கவில்லை. 1973 முதல் சில ஆண்டுகள் கடையில் கிடைத்தது அந்தப் பதிப்பு மட்டுமே. பிராட்பரிக்கே தெரியாது. மாணவர்கள் எழுதித்தான் அவருக்குத் தெரிய வந்தது, 1980இல் மூலம் திரும்ப வந்தது. பீட்டி சொன்னபடியே தொடங்கியது, ஆனால் செய்த முறை வின்ஸ்டனுடையது. மீட்க முடிந்ததற்குக் காரணம், 1953ஆம் ஆண்டுப் பதிப்பு வீடுகளிலும் நூலகங்களிலும் தாளில் இருந்தது.

2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்ற ‘1984’ மின்னூலை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. உரிமைச் சிக்கல்தான், தணிக்கை நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவர் வகுப்புக்காக அந்த நூலில் வரிக்கு வரி குறிப்பு எடுத்து வைத்திருந்தார். குறிப்புகள் அப்படியே இருந்தன. அவை எந்த வரியைப் பற்றியவையோ, அந்த வரிகள் இல்லை.