ஜிமெயில்: ஒரு பட்டறை அலுவலகத்திலிருந்து நீண்டநாள் அனுபவம்

கோவையில் மோட்டார் பம்புகளுக்கான உதிரிபாகங்களைச் செய்து கொடுக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கொள்முதல், விற்பனை இரண்டையும் நான் கவனித்து வருகிறேன். அழைப்பு அனுப்பி ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொண்ட காலத்திலிருந்து ஜிமெயிலைப் பயன்படுத்துகிறேன். அலுவலகத்துக்கென்று சொந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர், வாங்கிய பிறகும் அதை கூகுளின் நிறுவனச் சேவையிலேயே வைத்திருக்கிறோம். ஆகவே கீழே எழுதுவது ஒரே சேவையை வீட்டுக்கும் வேலைக்கும் பல ஆண்டுகள் பயன்படுத்தியவனின் கருத்து. பல சேவைகளை அருகருகே வைத்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல.

2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடத்துடன் ஜிமெயில் அறிவிக்கப்பட்டபோது, முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் வியப்பில்லை. அன்றைக்கு ஹாட்மெயிலில் இலவசமாகக் கிடைத்தது 2 எம்பி, யாஹூவில் 4 எம்பி. ஒருவர் இரண்டு புகைப்படங்களை அனுப்பிவிட்டால் பெட்டி நிறைந்து, அடுத்து வருகிற கடிதம் திரும்பிப் போய்விடும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து, பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக அழிப்பதே பாதி வேலையாக இருந்தது. இடம் பெருகியதால் அழிக்கும் பழக்கம் போய் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. மின்னஞ்சல் உருப்படியான கருவியானது அதன் பிறகுதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் அதன் பயன் பேசுவதில் இல்லை, பேசியதைப் பதிந்து வைப்பதில் இருக்கிறது.

இந்த அடிப்படையில் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இன்றோடு முடிந்துவிடும் செய்தி தொலைபேசிக்கும் வாட்ஸ்அப்புக்கும் உரியது. ஆறு மாதம் கழித்து யாராவது "எப்போது சொன்னீர்கள்?" என்று கேட்கக்கூடிய எதுவும் மின்னஞ்சலுக்கு உரியது. லாரி புறப்பட்டுவிட்டதா என்று கேட்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை. விலை, அளவு, கெடு, ஏற்பு, மறுப்பு ஆகிய ஐந்தும் வாயால் முடிவானாலும் எழுத்தில் போயாக வேண்டும். வார்ப்படம் ஊற்றித் தரும் ஃபவுண்டரிக்காரர் ஒருவர், "நான்தான் போன்லயே சொல்லிப்போட்டேனுங்களே" என்று ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வார். அவர் சொன்னதை, "இன்று பேசியபடி, கிலோவுக்கு இன்ன விலை, இன்ன தேதிக்குள் முதல் தவணை" என்று இரண்டு வரியில் எழுதி நானே அனுப்பிவிடுவேன். அவர் பதில் போட மாட்டார், ஆனால் பிறகு மறுத்ததும் இல்லை.

சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பதிவின் மதிப்பு சட்டத்திலேயே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற சிறு நிறுவனத்திடமிருந்து சரக்கு வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. சரக்கு வந்து 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். "சைஸ் சரியில்லை, அதனால்தான் பணம் நிறுத்தினோம்" என்று மூன்று மாதம் கழித்துச் சொல்கிற வாடிக்கையாளரிடம், அந்த 15 நாட்களுக்குள் வந்த கடிதத்தைக் காட்டும்படி கேட்கலாம். நம் பக்கத்திலும் சரக்கு போன அன்றே டெலிவரி சலானின் படத்தை இணைத்து ஒரு கடிதம் அனுப்பியிருந்தால், எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்ற சண்டைக்கே இடமில்லை. மின்னணு ஆவணத்துக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. நாங்கள் வழக்குவரை போனதில்லை. ஆனால் தேதியோடு கடிதத்தை எடுத்து முன்னே வைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டவர்கள் உண்டு.

பதிவு என்றால் தேடியெடுக்க முடிய வேண்டும், அதற்கு சப்ஜெக்ட் வரி ஒழுங்காக இருக்க வேண்டும். எங்களுக்கு வரும் கடிதங்களில் "அர்ஜென்ட்", "டிராயிங்", "பிளீஸ் செக்" என்ற தலைப்புகளே மிகுதி. பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் ஒன்றின் வரைபடம் நான்கு முறை திருத்தப்படும். நான்கும் ஒரே தலைப்பில், ஒரே கோப்புப் பெயரில், கடைசியில் "ஃபைனல்" என்றும் "ஃபைனல் நியூ" என்றும் ஒட்டிக்கொண்டு வரும். பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் கையில் எந்தத் தாள் போயிருக்கிறது என்பது பாகத்தைக் கடைந்து முடித்த பிறகுதான் தெரியும். இதற்கு ஒரே வழி, பதில் அனுப்பும்போது தலைப்பை நாமே திருத்துவதுதான். வாடிக்கையாளரின் சுருக்கப் பெயர், பாகத்தின் எண், திருத்த எண், தேதி என்ற வரிசையில் எழுதுகிறேன். ஜிமெயிலில் தலைப்பை மாற்றியவுடன் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும் என்பது இங்கே கைகொடுக்கிறது. திருத்தம் மூன்றைப் பற்றிய பேச்சு திருத்தம் இரண்டின் அடியில் போய் ஒளிந்துகொள்ளாது. மாற்றாமல் விட்டால், நூறு கடிதம் வரை ஒரே கட்டாகக் குவித்து வைத்துவிடும். அதில் நடுவே இருக்கும் ஓர் இணைப்பைத் தேடுவதற்குள் டீ ஆறிவிடும்.

தேடல்தான் இந்தச் சேவையின் உயிர். அனுப்பியவர், தேதி, இணைப்பு உள்ளதா, எத்தனை எம்பிக்கு மேல் என்று தேடல் பெட்டியின் வலது ஓரத்தைத் திறந்து குறிப்பிடத் தெரிந்துவிட்டால், ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து அடுக்கும் வேலையே தேவைப்படாது. நான் வைத்திருக்கும் லேபிள்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். முடிந்த கடிதத்தை ஆர்க்கைவ் செய்துவிடுகிறேன், அதாவது அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து அகற்றிவிடுகிறேன், இன்பாக்ஸில் முடியாதவை மட்டும் நிற்கின்றன. ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஜிமெயில் தேடல் முழுச் சொல்லைத்தான் பொருத்திப் பார்க்கிறது. "வாடகை" என்று தேடினால் "வாடகைக்கு", "வாடகையை", "வாடகையும்" என்று எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்துவிடும் என்று நம்பக்கூடாது. வேற்றுமை உருபு ஒட்டாமல் வாழத் தெரியாத மொழி நம்முடையது. ஆகவே தமிழ்க் கடிதத்தின் தலைப்பில் முதன்மையான பெயர்ச்சொல்லை உருபு சேர்க்காமல் தனியே எழுதுகிறேன். "வாடகை, வீட்டு உரிமையாளர், ஜூன்" என்று தந்தி போல இருந்தாலும், தேடும்போது தவறாமல் கிடைக்கிறது.

கைப்பேசியில் மின்னஞ்சலுக்கான அறிவிப்பை நிறுத்திவிட்டேன். காலையில் பட்டறைக்குள் ஒரு சுற்று வந்த பிறகும், மதிய உணவுக்குப் பின்னும், மாலையில் புறப்படுவதற்கு முன்னும் பார்ப்பேன். அவசரம் என்றால் அழைப்பார்கள் என்பதை வாடிக்கையாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம், யாரும் குறைப்பட்டதில்லை. இரவில் உட்கார்ந்து எழுதும் கடிதத்தை மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிடுகிறேன். 2019இல் வந்த இந்த வசதியை மரியாதையின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன், ஏனென்றால் இரவு பதினோரு மணிக்குப் போகும் கடிதம், நாம் கேட்காவிட்டாலும், அப்போதே பதில் கேட்பது போலத் தோன்றும். அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி எல்லாரும் நினைப்பது போல் கடிதத்தைத் திரும்ப இழுப்பதில்லை. அனுப்பாமல் சில விநாடி பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வழக்கமாக 5 விநாடிதான் கிடைக்கும். அமைப்புகளுக்குள் போய் அதை 30 விநாடியாக்கிக் கொள்வது நல்லது. இணைப்பை மறந்தது பெரும்பாலும் பத்தாவது விநாடியில்தான் நினைவுக்கு வருகிறது.

கடிதத்தில் இருக்கும் எல்லாருக்கும் பதில் அனுப்பும் ரிப்ளை ஆல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதன் கொடுமையை அனுபவிக்காத அலுவலகம் இல்லை. நகல் பெறுவோருக்கான சிசி வரியில் இருப்பவர் படித்தால் போதும், பதில் சொல்ல வேண்டியவர் முகவரி வரியில் மட்டுமே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும். முதலாளியைப் பயமுறுத்தலாகச் சிசியில் சேர்க்கும் வழக்கத்தை மட்டும் நான் விரும்புவதில்லை. அது கடிதத்தைப் புகாராக மாற்றிவிடுகிறது.

சொந்த முகவரியையும் அலுவலக முகவரியையும் கலக்கக்கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். அலுவலக முகவரி நம்முடையதல்ல, வேலையை விட்ட அன்றே மூடப்படும். எங்களிடமிருந்து வேறு நிறுவனத்துக்குப் போன ஒரு நண்பர், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு என்று அனைத்துக்கும் அலுவலக முகவரியையே கொடுத்திருந்தார். ஒவ்வொரு கவுண்ட்டராக ஏறி இறங்கி அவற்றை மாற்றி முடிக்க அவருக்கு வெகுகாலம் பிடித்தது. மறுபுறம், நிறுவனத்தின் கடிதங்கள் ஓர் ஆளின் சொந்த ஜிமெயிலில் கிடந்தால், அவர் போகும்போது நிறுவனத்தின் நினைவும் அவரோடு போய்விடும். அதனால் கொள்முதல், விற்பனை, கணக்கு என்று பணியின் பெயரிலேயே முகவரிகள் வைத்திருக்கிறோம். ஆள் மாறலாம், கடிதம் அங்கேயே இருக்கும்.

வீட்டுக்கான ஜிமெயில் கணக்கில் வருவது பெரும்பாலும் ஸ்டேட்மென்ட்டும் ரசீதும் விளம்பரமுந்தான். முகவரியின் பெயர்ப்பகுதிக்குப் பின் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தால் அதுவும் நம் பெட்டிக்கே வரும். கடைகளுக்கு அப்படிக் கொடுத்து, அந்தச் சொல்லுக்கு ஒரு ஃபில்டர் போட்டு இன்பாக்ஸைத் தவிர்க்க வைக்கலாம். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை என்பது ஒரு குறை. 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாக அஞ்சல் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும் என்று கூகுள் விதித்த பிறகு விளம்பரத் தொல்லை கண்கூடாகக் குறைந்திருக்கிறது. என் பெயரிலேயே வேறு ஊரில் இருக்கும் யாரோ ஒருவர் கடைகளில் என் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருப்பதற்கு மட்டும் இன்றுவரை மருந்து கிடைக்கவில்லை. அவர் என்ன வாங்குகிறார் என்பது எனக்கு அவ்வப்போது தெரிந்துவிடுகிறது.

பாதுகாப்புக்கு வருகிறேன். எங்களுக்குத் தெரிந்த ஓர் உதிரிபாக நிறுவனத்தின் வெளிமாநில வாடிக்கையாளருக்கு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் செலுத்தவும்" என்று ஒரு கடிதம் போயிருக்கிறது. இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, கையொப்பப் பகுதி சரி. அனுப்பியவரின் டொமைனில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். பணம் போன பிறகுதான் இரு தரப்பும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். இத்தகைய மோசடியில் கணினி நுணுக்கத்தைவிடப் பழைய கடிதங்களைப் படித்து எழுதும் பொறுமைதான் அதிகம். வங்கிக் கணக்கு மாற்றம் பற்றிய எந்தக் கடிதமானாலும், அதில் கொடுக்கப்பட்ட எண்ணுக்கு அல்லாமல், நம்மிடம் முன்பே உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்புவதில்லை என்று இன்வாய்ஸின் அடியிலேயே அச்சிட்டுவிட்டோம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். கடவுச்சொல்லோடு கைப்பேசி வழியாகவும் உறுதிசெய்யக் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கியதும், சிம் தொலைந்தால் உதவுவதற்காக கூகுள் பத்துக் காப்பு எண்களைத் தரும். அவற்றைக் கைப்பேசியிலேயே படம் பிடித்து வைத்துக்கொள்வதில் பொருளில்லை. அச்செடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.

அதோடு செய்ய வேண்டிய இன்னொன்றையும் செய்திருக்கிறேன். உறவினர் ஒருவர் இறந்தபோது, அவருடைய காப்பீடும் மியூச்சுவல் ஃபண்டும் எங்கெங்கே இருக்கின்றன என்பது அவருடைய இன்பாக்ஸுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கூகுள் கணக்கில் செயல்படாக் கணக்கு மேலாளர் என்றொரு வசதி உண்டு. 3 மாதம் முதல் 18 மாதம் வரை நாம் குறிக்கும் காலத்துக்குக் கணக்கு அசையாமல் இருந்தால், நாம் குறித்தவர்களுக்குத் தகவல் போகும், விரும்பினால் கடிதங்களையும் அவர்கள் பெறலாம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்ற விதியும் இருப்பதால், என் துணைவியாரின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

குறைகளில் முதன்மையானது இடந்தான். 15 ஜிபி என்பது கடிதத்துக்கு மட்டுமல்ல, கூகுளின் இணையக் கோப்புக் கிடங்கான டிரைவுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்து. 2021 ஜூனிலிருந்து புகைப்படங்களும் கணக்கில் வந்த பிறகு, கல்யாணப் படங்களால் கடிதம் நிற்கும் நிலை பல வீடுகளில் வந்துவிட்டது. கடிதங்களை அளவின்படி வரிசைப்படுத்த ஒரு பொத்தான் இன்றும் இல்லை. 10 எம்பிக்கு மேல், இரண்டு ஆண்டுக்கு முந்தையவை என்று தேடித்தான் களைய வேண்டும். 25 எம்பிக்கு மேற்பட்ட இணைப்பு தானாகவே டிரைவில் உள்ள கோப்புக்கான சுட்டியாக மாறிவிடுவதும் எங்களுக்கு ஒவ்வாது, ஏனென்றால் அனுப்பியவர் பின்னாளில் அந்தக் கோப்பை நீக்கிவிட்டால் நம்மிடம் பதிவு இல்லை. அப்படி வரும் வரைபடங்களை அன்றே இறக்கி அலுவலகக் கணினியில் சேமிக்கிறோம். சரக்கு பற்றி விசாரித்து வரும் உண்மையான கடிதம் ஸ்பேமில் போய் விழுவதும் நடக்கிறது. ஸ்பேம் 30 நாட்களில் அழிந்துவிடுவதால், சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது அதையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிள்ளையின் பொறுப்பு.