அப்பாச்சி 1.3: புதிய லினக்ஸில் தொகுப்பதா, பழைய கன்டெய்னரில் ஓட்டுவதா?

2010-இல் வெளியான 1.3.42-ஓடு முடிந்துபோன அப்பாச்சி 1.3 வலைச்சேவையக வரிசையை இன்றைய லினக்ஸில் தொகுக்க (மூலநிரலிலிருந்து இயங்கும் நிரலாக மாற்ற) முனைந்தால், கடவுச்சொல் கோப்பை உருவாக்கும் துணைநிரலில் உள்ள ‘கெட்லைன்’ என்னும் செயற்கூறு, லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியில் அதே பெயரில் உள்ள செயற்கூற்றோடு மோதுவதால், தொகுப்பை நடத்தும் ‘மேக்’ கட்டளை பாதியிலேயே நின்றுவிடும். பெயரை மாற்றினால் இது தீரும். ஆயினும், நிரலில் முன்கூட்டி அறிவிக்கப்படாமலே அழைக்கப்படும் செயற்கூறுகளைப் பிழையாகவே கொள்ளும் ஜிசிசி 14 தொகுப்பி அடுத்த முட்டுக்கட்டையைப் போடக்கூடும்.

கன்டெய்னர்களை (தனித்து ஓடும் லினக்ஸ் சூழல்களை) இயக்கும் டாக்கரில் சென்டோஸ் 5 என்னும் பழைய லினக்ஸை நிறுவினால் மூலநிரலில் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பழைய ஜிலிப்சி, புதிய கெர்னல்கள் பலவற்றில் முடக்கப்பட்டுள்ள விசிஸ்காலை (சில கெர்னல் அழைப்புகளுக்கான பழைய வழியை) நம்பியிருப்பதால், கன்டெய்னரை ஓட்டும் கணினியின் கெர்னல் தொடக்க வரியில் ‘விசிஸ்கால்=எமுலேட்’ (vsyscall=emulate) என்று சேர்க்காவிட்டால் நிரல்கள் நினைவக மீறலால் முறிந்துவிடக்கூடும் (பிழைச்செய்தியோ காரணத்தைச் சொல்லாது).

மூலநிரல் கிடைக்காத பழைய மாட்யூல் (அப்பாச்சியின் கூடுதல் கூறு) ஏதேனும் இருந்தால் மட்டுமே கன்டெய்னரைப் பரிந்துரைப்பேன். மற்றபடி திருத்தித் தொகுப்பதே மேல். இரண்டிலும் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்கும் என்பதால், முன்னால் ஒரு ரிவர்ஸ் புராக்ஸி (வெளிக் கோரிக்கைகளை முதலில் வாங்கி உள்ளே அனுப்பும் சேவையகம்) கட்டாயம் தேவை.