ஒரே பெட்டிக்குள் ஐந்து ஊர்க் கிறிஸ்துமஸ்

பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்த ரயில்வே குடியிருப்புப் பகுதிக்கு அருகே இயங்கும் ஒரு சிறிய பேக்கரி, டிசம்பரில் மட்டும் விற்கும் பலகாரப் பெட்டியை இம்முறை 950 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அலகாபாத் கேக், கோவாவின் பெபிங்கா, தலச்சேரி பிளம் கேக், மாவைச் சிறு சுருள்களாக உருட்டிப் பொரிக்கும் இனிப்பான கல்கல், குமரி மாவட்டத்து முந்திரிக்கொத்து ஆகிய ஐந்தும் அதில் இருந்தன.

இவற்றுள் முதலிடம் அலகாபாத் கேக்குக்கே. வெண்ணெய்க்குப் பதிலாக நெய்யும், வெள்ளைப் பூசணியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்யும் பேட்டாவும், ஆரஞ்சு மர்மலேடும், சோம்பும் சுக்கும் ஜாதிக்காயும் சேர்ந்த அந்தக் கேக், ஐரோப்பியப் பண்டம் ஒன்றை வட இந்தியச் சமையலறை எவ்வளவு இயல்பாகத் தனதாக்கிக்கொண்டது என்பதை ஒரே வாயில் உணர்த்திவிடுகிறது. சோம்பின் மணம் கடைசித் துண்டுவரை குறையவில்லை. பிளம் கேக்கும் நன்றாகவே இருந்தது. 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு, மர்டாக் பிரௌன் என்ற தோட்ட உரிமையாளருக்காகச் செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் கேக்கின் வழியில் வந்தது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள்; கருக்கிய சர்க்கரையின் இளங்கசப்பு அதில் சரியாக அமைந்திருந்தது.

பெபிங்காவில் குறை உண்டு. முட்டை மஞ்சள் கருவும் தேங்காய்ப்பாலும் கலந்த மாவை ஓர் அடுக்கு ஊற்றி, அது மேலிருந்து வரும் சூட்டில் வெந்து சிவந்தபின் நெய் தடவி அடுத்த அடுக்கை ஊற்றுவதே முறை. வழக்கமாக ஏழு அடுக்காவது இருக்கும். இதில் நான்குதான் இருந்தன, அவையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கல்கல் மொறுமொறுப்பாக இருந்தது. முள்கரண்டியின் முதுகில் உருட்டிய வரிகள் ஒவ்வொன்றிலும் தெளிவாகத் தெரிந்தன.

என்னை வருந்தச் செய்தது முந்திரிக்கொத்து. எங்கள் நாகர்கோவில் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே பாசிப்பயறு வறுபடும் வாசனை தெருவரை வரும். அந்தப் பயற்றுமாவைத் தேங்காய், எள், ஏலக்காயுடன் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மும்மூன்றாகச் சேர்த்து, மஞ்சள்தூள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பார்கள். முந்திரி என்று எங்கள் பக்கம் திராட்சையையும் சொல்வதுண்டு. உருண்டைகள் திராட்சைக் கொத்துப்போல் ஒட்டியிருப்பதால் வந்த பெயர் அது. இந்தப் பேக்கரியோ பெயரைப் பார்த்து முந்திரிப் பருப்பை உடைத்துப்போட்டு, வெல்லப் பாகில் தனித்தனி உருண்டைகளாகச் செய்திருக்கிறது. அலகாபாத் கேக்கின் பக்குவத்தை அவ்வளவு கவனமாகக் கற்றவர்கள், தமிழ்நாட்டின் தென்கோடிப் பலகாரத்தைப் பற்றி இதே சென்னையில் வாழும் குமரிக்காரர் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

பெட்டியைத் திறந்த அன்றே இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு முழுப் பெட்டியை வாங்க மாட்டேன். தனியாகக் கிடைக்கும் அலகாபாத் கேக்கை மட்டும் ஒரு கிலோ வாங்குவேன். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் அது தீர்ந்துவிடுவதால், டிசம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவைப்பது நல்லது.